வளர்ப்பு எலிக்குக் காரீயமும் துத்தநாகமும் ஏறினால்

வளர்ப்பு எலியோ ஹாம்ஸ்டரோ சோர்ந்து கிடந்து, உலோக விஷம் என்ற சந்தேகம் வந்தால், மருந்துக்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அதை விட்டுவைத்துவிட்டு ஊசி போடுவது வீண்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது தூண்டில் சாமான். கொல்லையில் காரீயம் உருக்கித் தூண்டிலில் கட்டும் குண்டு வார்த்தால் அந்தப் புகையும் தூசியும் கூண்டில் படியும். எலி ஓயாமல் உடம்பை நக்குவதால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும். அடுத்தது பழைய பெயிண்ட். தென்னாப்பிரிக்காவில் பெயிண்டிலுள்ள காரீயத்துக்கு 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு) வரம்பு வந்ததே 2009-இல்தான். அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னலை எலி கொறிக்க விடக் கூடாது. மூன்றாவது கால்வனைஸ், அதாவது துத்தநாகம் பூசிய, கம்பி வலை. மூத்திரம் பட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது துத்தநாகம். வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவுவது தற்காலிகம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூண்டுக்கு மாற்றுங்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, படுக்கைத் தூளை முழுவதும் கொட்டிவிடுங்கள்.

அறிகுறிகள் தெளிவாக இருக்காது: தீனி குறையும், எடை இறங்கும், ஈறு வெளுக்கும். நடுக்கமும் வலிப்பும் வந்தால் முற்றிவிட்டது. கிராம் காட்டும் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். 400 கிராம் எலி 360-க்கு இறங்கினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். எலிகளால் வாந்தி எடுக்க முடியாது. விஷத்தை முறிக்கும் என்று பால் ஊற்றுவதும் தவறு. பால் குடித்த எலியின் குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

எக்ஸ்ரேயில் உலோகத் துண்டு பளிச்சென்று தெரியும், தூசி தெரியாது. ஆகவே சுத்தமான எக்ஸ்ரேயை நம்பி நிறுத்திவிடாமல் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நோயுற்ற பிராணியிடம் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்காமலிருப்பது நல்லது: 120 கிராம் ஹாம்ஸ்டரிடம் 0.6 மி.லி. துத்தநாகம் பார்ப்பதானால் நுண்தனிமங்களுக்கென்று உள்ள குழாய் வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்து கணக்கைக் கெடுக்கும்.

காரீயத்தைப் பிடித்து மூத்திரத்தில் வெளியேற்ற டாக்டர் தரும் மருந்து கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. ‘கால்சியம்’ என்ற சொல் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வெறும் டைசோடியம் உப்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உயிரையே எடுக்கும். வழக்கமான அளவு கிலோவுக்கு 25 மி.கி.; 400 கிராம் எலிக்கு 10 மி.கி., அதாவது 1 சதவீதக் கரைசலில் 1 மி.லி., தோலுக்கடியில். சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து இது, அதனால் கூடவே திரவமும் ஏற்ற வேண்டும். குடலில் காரீயத் துண்டு கிடந்தால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். எலும்பில் தங்கிய காரீயம் மறுபடி ரத்தத்துக்கு வரும். ஊசி முடிந்து இரண்டு வாரத்தில் திரும்பச் சோதியுங்கள்.

காட்டெலி விஷயம் வேறு. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில், உலோக விஷம் கலந்த தங்கச் சுரங்கக் கழிவு மணல்மேடுகளில் பிடித்த எலியைப் பாம்புக்குத் தீனியாகப் போடாதீர்கள். அங்கிருந்து மண்ணோ புல்லோ கூண்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். செத்த காட்டெலியைச் சோதனைக்கு அனுப்புவதானால் கையுறை போட்டே தொடுங்கள், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கல்லீரல், சிறுநீரகம், தொடை எலும்பு மூன்றையும் தனித்தனிப் பையில் உறையவையுங்கள். காட்மியம் என்ற இன்னொரு விஷ உலோகம் சிறுநீரகத்தில் சேரும், காரீயம் எலும்பில் சேரும். வயதான எலியில் இரண்டுமே கூடுதலாக இருக்கும் என்பதால் எடை, பாலினம், பிடித்த இடம் ஆகியவற்றைப் பைமேல் எழுதி ஒட்டுங்கள்.