நகைச்சுவைத் தொடர் டிவிடி வாங்குகிறீர்களா? பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கவுண்டமணி, செந்தில் காமெடியை மட்டும் வெட்டித் தொகுத்த விசிடிகளைச் சிங்கப்பூரின் தேக்காவில் வாங்கிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: நல்ல காட்சிகளைப் பொறுக்கித் தந்தால் போதும், மற்றதெல்லாம் சக்கை. நம் படங்களுக்கு அது சரி. வாழைப்பழக் காமெடிக்கு முன்கதை வேண்டியதில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்கெட்ச் தொடர்களின், அதாவது குட்டிக் குட்டி நகைச்சுவைக் காட்சிகளைக் கோத்த தொடர்களின், டிவிடியை இதே கண்ணோடு வாங்குவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

1969 முதல் 1974 வரை பிபிசியில் 45 பகுதிகளாக வந்த 'மான்ட்டி பைத்தான்'ஸ் ஃபிளையிங் சர்க்கஸ்' தொடரையே பாருங்கள். 1970-இல் வந்த ஒரு பகுதியில், சிவப்பு அங்கி அணிந்த ஸ்பானிய மத விசாரணைக்காரர்கள் சம்பந்தமில்லாத இடங்களில் திடீர் திடீரென நுழைகிறார்கள். கடைசியில் நீதிமன்றக் காட்சி ஒன்றில் அவர்கள் வர வேண்டிய தருணம் வருகிறது, ஆளைக் காணோம். பஸ் பிடித்து விழுந்தடித்து வருகிறார்கள். அதற்குள் திரையில் நடிகர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. உள்ளே பாய்ந்து வாயைத் திறக்கும்போது நிகழ்ச்சியே முடிந்துபோகிறது. முதல் காட்சியை மட்டும் வெட்டித் தந்தால் இந்தச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

ஆகவே 'சிறந்தவை' என்று அட்டையில் இருந்தால் அது முழுத் தொடர் அன்று. சில தொடர்களுக்கு வேறு வழியும் இருந்ததில்லை. மிஸ்டர் பீனுக்கு முன்பே ரோவன் அட்கின்சன் நடித்த 'நாட் த நைன் ஓ'கிளாக் நியூஸ்' டிவிடியில் வந்தது தொகுப்பாகத்தான். தெரிந்து வாங்கினால் குற்றமில்லை; முழுத் தொடர் என்று நம்பி வாங்கிவிட்டுப் புலம்புவதில்தான் அர்த்தமில்லை.

அடுத்து, பின்பக்கத்தில் உள்ள மொத்த நேரத்தைப் பகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பிபிசியின் அரை மணி நிகழ்ச்சி ஏறக்குறைய முப்பது நிமிடம் வர வேண்டும். அமெரிக்கத் தொடரில் விளம்பர நேரம் போய்விடுவதால் குறைவாகத்தான் இருக்கும். அதை வெட்டு என்று எண்ண வேண்டாம். ஆனால் 1967 முதல் 1978 வரை ஓடிய 'கரோல் பர்னெட் ஷோ' ஒரு மணி நேர நிகழ்ச்சி. மறு ஒளிபரப்புக்காக அதை அரை மணியாகச் சுருக்கி வேறு பெயரில் விற்றார்கள். பழைய பெட்டிகளை வாங்கும்போது எந்த வடிவம் என்று கேட்டே ஆக வேண்டும்.

முழு நேரம் இருந்தாலும் பாட்டு மாறியிருக்கலாம். எம்டிவியில் 1993 முதல் 1995 வரை வந்த 'த ஸ்டேட்' 2009-இல்தான் டிவிடியாக வந்தது. தொலைக்காட்சியில் ஒலித்த புகழ்பெற்ற பாடல்களுக்கு வீட்டு வெளியீட்டு உரிமை இல்லாததால், பின்னணியில் வேறு இசையைப் போட்டார்கள். நம் 'லொள்ளு சபா'வில் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு வேறொரு மெட்டைப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், புரிந்துவிடும்.

தேக்காவில் வாங்கிய தமிழ்ப் படத் தட்டுகள் பெரும்பாலும் எந்த பிளேயரிலும் ஓடிவிட்டதால், மண்டலக் குறியீட்டை, அதாவது தட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று சொல்லும் எண்ணை அல்லது எழுத்தை, நம்மவர்கள் பார்ப்பதே இல்லை. டிவிடியில் சிங்கப்பூர் மண்டலம் 3, அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5. புளூரேயில் நாமும் அமெரிக்காவும் 'ஏ'. பிரிட்டன் 'பி', இந்தியா 'சி'. கணினியில் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் துணிகிறார்கள். பெரும்பாலான டிவிடி டிரைவ்களில் ஐந்து முறைதான் மாற்ற முடியும். பிறகு கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும். எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் ஒன்றை வாங்கிவிடுவதே நிம்மதி.

புளூரே என்றாலே படம் பளிச்சென்று இருக்கும் என்பதும் ஆசைதான். அந்தக் காலத்து அரங்கக் காட்சிகள் வீடியோ நாடாவில் பதிவானவை. நாடாவில் இல்லாத நுணுக்கத்தைத் தட்டு தராது. படம் சதுரமாகத் தெரிகிறதே என்று தொலைக்காட்சியில் இழுத்து அகலமாக்கிப் பார்க்காதீர்கள். மான்ட்டி பைத்தானின் ஒல்லியான நடிகர் ஜான் கிளீஸ் கூடக் குண்டாகிவிடுவார்.

பெற்றோருடன் பார்ப்பதாக இருந்தால் வசன வரிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வேகமாகப் பேசும் பிரிட்டிஷ் ஆங்கிலம், மேலே அரங்கத்தின் சிரிப்பொலி; வரிகள் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு வேலை உங்கள் தலையில் விழும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் தபால் செலவோடு ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்குள் வரும் பொருளுக்கு வரி இல்லை என்பது பழைய கதை. 2023 முதல், இங்கே ஜிஎஸ்டிக்குப் பதிந்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் அதற்கும் வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு.

பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் பெட்டி வாங்கினால் அட்டைப் படம் போதாது. ஒவ்வொரு தட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கீறல் மட்டுமில்லை, மூன்றாம் சீசன் பெட்டிக்குள் இரண்டாம் சீசன் தட்டு இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.