வீட்டில் குழாய் ஒழுகினால்: எதை நாமே நிறுத்தலாம், எப்போது பிளம்பரைக் கூப்பிட வேண்டும்

மற்ற எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள மெயின் வால்வை இன்றைக்கே ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் பீய்ச்சும்போது அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று புல்லை விலக்கித் தேடக் கூடாது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும்கூட அதைக் காட்டி வையுங்கள். கைப்பிடி நீளமாக இருந்தால், அது பைப்போடு ஒரே வாட்டத்தில் நிற்கும்போது திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டப் பிடியாக இருந்தால் வலப்பக்கம் திருப்பினால் மூடும். வட்டப் பிடி வால்வை முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னுக்குத் திருப்பி விடுங்கள். கடைசி வரை திறந்தபடியே ஆண்டுக்கணக்கில் நிற்கும் வால்வு இறுகிவிடும், அவசரத்தில் மூடாது. ஏற்கெனவே இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். அது பிளம்பர் மாற்ற வேண்டிய சாமான்.

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக் குழாய்கள் இருப்பது சாதாரணம். முதலில் போட்ட பழைய இரும்புப் பைப், பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டியபோது சேர்த்த பிவிசி பைப், மீட்டரிலிருந்து மண்ணுக்குள் வரும் கறுப்புப் பாலி பைப். ஒழுகல் பெரும்பாலும் பைப்பின் நடுவில் வருவதில்லை. ஒரு வகை இன்னொரு வகையோடு சேரும் இடத்தில்தான் வரும். இரும்பும் பிளாஸ்டிக்கும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. இரும்பில் மரை வெட்டிய இடம்தான் சுவர் மெல்லியது, துரு அதை முதலில் தின்னும்.

மீட்டரைக் கேளுங்கள்

சொட்டும் குழாயைக் கண்ணால் பார்த்துவிடலாம். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் போகும் தண்ணீரை மீட்டர் மட்டுமே காட்டும். இரவு பத்து மணிக்கு, தொட்டி நிரம்பிய பிறகு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைச் சிவப்பு இலக்கங்களோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் போதும். காலை ஐந்து மணிக்கு, யாரும் தண்ணீரைத் தொடுவதற்கு முன், மறுபடியும் பாருங்கள். இடையில் கழிவறைக்குப் போனவர்கள் ஃபிளஷ் அழுத்தாமல் வாளித் தண்ணீரை ஊற்றட்டும்.

கறுப்பு இலக்கம் கன மீட்டர், சிவப்பு அதற்கும் குறைந்த அளவு. ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். ஏழு மணி நேரத்தில் 14 லிட்டர் ஓடியிருந்தால், மணிக்கு 2 லிட்டர், நாளுக்கு 48 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கன மீட்டர். கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால் ஒழுகும் தண்ணீர் எப்போதும் மேல் படியின் விலையில்தான் கணக்காகும். சிலாங்கூரில் மாதம் 20 கன மீட்டர் இலவசத் தண்ணீருக்குத் தகுதி பெற்ற வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். அந்த அளவுக்குள் நின்றிருக்க வேண்டிய வீட்டை ஒரு ஒழுகல் தாண்ட வைத்துவிடும்.

எண் நகர்ந்திருந்தால், தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மீட்டரை அரை மணி நேரம் கவனியுங்கள். நின்றுவிட்டால் குறை தொட்டியிலோ அதற்குக் கீழே உள்ள குழாய்களிலோ இருக்கிறது. வால்வு மூடியும் முள் சுற்றிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்குள் இருக்கலாம், அல்லது அடுப்படிக்கு நேரே வரும் பைப்பில் இருக்கலாம். வெயில் காலத்திலும் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறதா, மண் மிதித்தால் அமுங்குகிறதா என்று பாருங்கள்.

கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டி

பல வீடுகளில் அதிகத் தண்ணீர் வீணாவது இங்கேதான். தொட்டி நிரம்பினால் வழிவதற்காகக் கூரை ஓரத்தில் நீட்டியிருக்கும் சிறிய பைப்பிலிருந்து இரவில் மட்டும் தண்ணீர் சொட்டும், பகலில் நின்றுவிடும். ஊரே தூங்கும் நேரத்தில் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை, அதனால் மெயின் பைப்பில் அழுத்தம் ஏறுகிறது. தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு தேய்ந்திருந்தால் பகல் அழுத்தத்தைத் தாங்கும், இரவு அழுத்தத்தைத் தாங்காது. பகலில் வந்து பார்க்கும் பிளம்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான். அந்தப் பைப்பின் அடியில் இரவு ஒரு வாளியை வைத்துவிட்டால் காலையில் சாட்சி கிடைத்துவிடும்.

தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மேலே ஏறுங்கள். விட்டத்திலும் குறுக்குச் சட்டத்திலும் மட்டும் கால் வையுங்கள், சீலிங் பலகை ஆளைத் தாங்காது. மிதவைப் பந்தைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் பந்து ஓட்டை, மாற்ற வேண்டும். பந்து நன்றாக இருந்தால், அதன் கம்பியை மெதுவாகக் கீழ்நோக்கி வளைத்து, தண்ணீர் நிற்கும் மட்டம் வழியும் பைப்பின் வாய்க்கு ஓர் இஞ்சாவது கீழே இருக்கும்படி செய்யுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரில் பள்ளம் விழுந்திருக்கும், அல்லது மணல் சிக்கியிருக்கும். அரை இஞ்சு மிதவை வால்வை முழுசாகவே ஹார்ட்வேர் கடையில் வாங்கி மாற்றிவிடுவது நல்லது. பழசின் வாஷரை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மறுபடியும் ஏற வேண்டியிருக்கும்.

ஏறியதோடு தொட்டி உட்கார்ந்திருக்கும் பலகையையும் தட்டிப் பாருங்கள். 100 கேலன் தொட்டி நிரம்பினால் ஏறக்குறைய 455 கிலோ. அதன் அடியில் உள்ள மரத்தில் கரையான் ஏறியிருந்தால் அது குழாய்ப் பிரச்சினை இல்லை, வீட்டில் இருப்பவர்களின் உயிர்ப் பிரச்சினை. உடனே தொட்டியைக் காலி செய்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள். தொட்டி மூடி சரியாகப் பொருந்தவும், வழியும் பைப்பின் வாயில் கொசு வலை இருக்கவும் வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் அளவே போதும். ஒழுகிய தண்ணீர் தகரத் தாழ்வாரத்திலும் பூச்சட்டித் தட்டிலும் ஒரு வாரம் நிற்கவே கூடாது.

தண்ணீர் வெட்டு முடியும்போது

தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் யாராவது குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போவார்கள். நடுராத்திரியில் தண்ணீர் திரும்பும்போது சிங்க்கில் பாத்திரம் அடைத்துக்கொண்டிருந்தால் வீடே குளமாகும். வெட்டு என்று அறிவிப்பு வந்ததும் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள், தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடுங்கள். தண்ணீர் திரும்பியதும் வாசலில் இருக்கும் குழாயை முதலில் மெதுவாகத் திறந்து, காற்றும் செம்மண் நிறத் தண்ணீரும் போகும் வரை விடுங்கள். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். தெளிந்த பிறகே தொட்டி வால்வைத் திறங்கள். மிதவை வால்வையும் குழாய் வாஷர்களையும் கெடுப்பது பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிடத் தண்ணீரில் வரும் துருவும் மணலும்தான்.

குழாயும் டேப்பும்

சொட்டும் குழாயை இன்னும் இறுக்கி மூடுவதுதான் எல்லோரும் செய்வது. அது வாஷரை நசுக்கி, அது உட்காரும் பித்தளை வாயையும் கெடுக்கிறது. சொட்டு எவ்வளவு என்று தெரிய, பத்து நிமிடம் ஒரு குவளையை வைத்துப் பிடித்து, அந்த அளவை 144ஆல் பெருக்குங்கள். 100 மில்லி கிடைத்தால் நாளுக்கு 14 லிட்டருக்கு மேல். பல சுற்று திருகும் பழைய மாதிரிக் குழாய்க்கு ஒன்றிரண்டு வெள்ளி விலையுள்ள வாஷர் போதும். கால் சுற்றில் திறக்கும் மாதிரிக்கு உள்ளே இருக்கும் பீங்கான் கட்டையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்க வேண்டும். பல் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் பிடி பொருந்தாது.

குழாயையே மாற்றும்போது மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி குழாயைப் பிடித்து, மரையின் மேல் வெள்ளை டேப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்து வரும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்கு அரை இஞ்சு மரையில் பத்து, பன்னிரண்டு சுற்று சரியாக இருக்கும். ஆனால் திருகும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால் குறைத்துச் சுற்றுங்கள். டேப் அதிகமாகி இறுக்கினால் பிவிசி வெடிக்கும், அன்றைக்கே வெடிக்காமல் சில வாரம் கழித்து இரவில் வெடிக்கும். குழாய் நேராக நிற்க வேண்டுமே என்று பின்னுக்குத் திருப்பாதீர்கள். பின்னுக்குப் போன மரை ஒழுகும், கழற்றிப் புது டேப் சுற்றித் தொடங்குங்கள். சிங்க்குக்கும் கழிவறைத் தொட்டிக்கும் போகும் பின்னல் கம்பி ஹோஸின் முனையில் ரப்பர் வாஷர் இருக்கும், அங்கே டேப்பே வேண்டாம். கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று. அந்தப் பின்னலில் துருப்புள்ளியோ வீக்கமோ தெரிந்தால் சொட்டும் வரை காத்திருக்க வேண்டாம். அது சொட்டாமலே ஒரேயடியாகப் பிய்த்துக்கொள்ளும்.

பிவிசி ஒட்டும்போது முதலில் மெயின் வால்வை மூடி, வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து பைப்பைக் காலி செய்யுங்கள். வெட்டிய ஓரத்தைத் தேய்த்து, துடைத்துக் காய வைத்து, பைப்பிலும் சாக்கெட்டிலும் கம் பூசி, கால் சுற்று முறுக்கியபடி உள்ளே தள்ளி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடியும் வரை தண்ணீரைத் திறக்கக் கூடாது. ஈரத்தில் ஒட்டிய கம் பிடிக்காது.

கழிவறையும் அடுப்படியும்

கழிவறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகும். அதற்குள் ஒரு சிட்டிகை கேசரிக் கலர் பொடியைப் போட்டு அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே சாயம் இறங்கியிருந்தால், உள்ளே இருக்கும் குழலின் மேல் வாய் வழியாகத் தண்ணீர் வழிகிறதா என்று முதலில் பாருங்கள். வழிந்தால் மிதவையைத் தாழ்த்த வேண்டும். வழியவில்லை என்றால் அடி ரப்பர் கெட்டிப்பட்டிருக்கிறது, அல்லது சங்கிலி அதன் அடியில் மாட்டியிருக்கிறது.

அடுப்படியில் பிரச்சினை எண்ணெய்தான். கறிச் சட்டியை முதலில் பழைய நாளிதழால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சோறு வடித்த கொதிக்கும் கஞ்சியை நேராகச் சிங்க்கில் கொட்டாதீர்கள். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், சிங்க்குக்கு அடியில் உள்ள இணைப்புகள் தளர்வதற்கு இது ஒரு காரணம். அடைத்துக்கொண்டால் வாளியை வைத்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் இருக்கும் குப்பியைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். ரப்பர் வளையம் பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். அடைப்பெடுக்கும் ரசாயனத்தை ஏற்கெனவே ஊற்றியிருந்தால் நீங்கள் கழற்றக் கூடாது, வரும் பிளம்பரிடமும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் கழற்றினால் அவர் கண்ணில் தெறிக்கும்.

எண்ணெய் தரையில் கொட்டினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வழுக்கும் இடம்தான் பெரிதாகும். மாவையோ மரத்தூளையோ தூவி ஊறவிட்டு வாரி எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் பரவி பிளக் பாயிண்டை நெருங்கினால், ஈரமில்லாத இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அடைத்த பிறகே துடைக்கப் போங்கள். குளியலறைச் சுடுதண்ணீர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், அதாவது மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். ஹீட்டர் உடம்பிலிருந்தே ஒழுகினால் சுவிட்சை அடைத்துவிட்டு வயரிங் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள், பிளம்பரை இல்லை.

கையை எடுத்துவிட வேண்டிய இடங்கள்

மீட்டருக்கு முன்னால், சாலைப் பக்கம் ஒழுகினால் அது தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு, உங்களுக்குச் செலவில்லை. சிலாங்கூரில் ஆயர் சிலாங்கூருக்கு 15300இல் சொல்லலாம், பேராக்கில் லெம்பாகா ஆயர் பேராக், கெடாவில் சாடா. மீட்டருக்குப் பின்னால் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. இன்னும் தோட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் சொந்தக் காசைப் போடுவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் எழுத்தில் கொடுங்கள். குழாய்த் தண்ணீர் கொடுப்பதும் வீட்டைப் பழுது பார்ப்பதும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி முதலாளியின் கடமை. கடிதத்தின் நகலில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்புப் பைப்பில் இறுகிப்போன குழாயை நீங்களே முறுக்காதீர்கள். இந்த முனையில் கொடுக்கும் பலம் சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த முழங்கை இணைப்பை உடைக்கும், இருபது வெள்ளி வேலை சுவரை உடைக்கும் வேலையாகிவிடும். சுவரில் பெயிண்ட் உப்பி வருவது, டைல்ஸ் இடுக்கில் எப்போதும் ஈரம், எல்லாம் மூடியும் மீட்டர் சுற்றுவது, பல இடங்களில் ஒரே சமயம் தண்ணீர் மெதுவாக இறங்குவது, தரைச் சாக்கடையில் தண்ணீர் மேலே ஏறுவது: இவை எல்லாம் பிளம்பர் வேலை. மழை பெய்யும்போது மட்டும் வரும் ஈரம் கூரை ஆளின் வேலை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் யாரும் அதில் துளை போடவோ அறுக்கவோ விடாதீர்கள், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

நாட்டின் தண்ணீர் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி உள்ள பிளம்பரைத் தேடுங்கள். வருவதற்கு முன்பே இரவு எடுத்த இரண்டு மீட்டர் படங்களையும் ஒழுகும் இடத்தின் படத்தையும் அனுப்பிவிட்டால் சரியான சாமானோடு வருவார், இரண்டாவது நடைக்குக் கூலி கேட்க மாட்டார். சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாகக் கேளுங்கள். உடைத்த சுவரைப் பூசுவது அதில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆளும் கிடைக்காது, கடையும் பாதி மூடியிருக்கும், வீடு நிறைய விருந்தாளி இருப்பார்கள். அதனால் மீட்டர் சோதனையை ஒரு மாதம் முன்னதாகவே செய்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே சிமெண்ட் பூச விடாதீர்கள். அழுத்தம் ஏறும் ஓர் இரவு முழுக்க அந்த இணைப்பு திறந்தபடியே இருக்கட்டும். காலையில் உலர்ந்த டிஷ்யூவால் அதைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். டிஷ்யூ நனையவில்லை, மீட்டரும் நகரவில்லை என்றால் பூசச் சொல்லிவிட்டு மீதிக் கூலியைக் கொடுங்கள்.