கொழும்பிலேயே தெரியும்தானே? – கிரகணம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு 2031 மே 21 சூரிய கிரகணத்தின் பக்கம் திரும்பியது. அன்று தென்னிந்தியா வழியாக வந்து இலங்கையின் வடபகுதியைக் கடக்கப்போவது வளையக் கிரகணம், அதாவது நிலா சூரியனின் நடுவை மட்டும் மறைத்து விளிம்பை ஒரு வளையமாக விட்டுவைக்கும் கிரகணம். "அங்கிள், கொழும்பிலயும் முக்கால்வாசிக்கு மேல மறைக்குமாம். பிறகு ஏன் யாழ்ப்பாணம் வரைக்கும் போகணும்?" என்றான் ஒருவன்.

இதே கேள்வியை, இதே உறுதியோடு, 2010இல் நானும் கேட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வெறுங்கண்ணால் பார்க்காதே, எக்ஸ்ரே தாளில் பார்க்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

சதவீதத்தை நம்பி வீட்டில் இருப்பது

2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு மறுநாள். இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீளமான வளையக் கிரகணம் அன்றுதான். இந்து சமுத்திரத்தின் நடுவில் 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. யாழ்ப்பாணத்தில் பத்து நிமிட அளவுக்குத் தெரியும் என்று அக்கா ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். "வாடா, பொங்கலுக்கும் வந்தமாதிரி இருக்கும்" என்றாள். நான் போகவில்லை. கொழும்பில் சூரியனின் பெரும்பகுதி மறையும் என்றால் மிச்சத்தைப் பார்க்க நானூறு கிலோமீட்டர் போக வேண்டுமா என்று கணக்குப் போட்டேன்.

மதியம் ஒன்றரை மணி அளவில் மாடியில் நின்றேன். வெல்டிங் கண்ணாடி வழியே தெரிந்தது ஒரு பிறை. வெயில் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கீழே காலி வீதியில் பஸ்கள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது அக்கா போன் எடுத்தாள். அவளுக்குப் பேச்சே வரவில்லை. "வளையமடா, முழு வளையம், முற்றம் முழுக்க வளையம்" என்றாள். வேப்பமரத்து இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் மண்ணில் ஒரு குட்டிச் சூரியனை விழுத்தியிருந்தன. கூட்டி வைத்த மணலில் யாரோ வளையல் கடையைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல் இருந்ததாம். நான் போனைக் காதில் வைத்தபடி கண்கரண்டியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதன் ஓட்டைகள் வழியே சீமெந்துத் தரையில் விழுந்தவை எல்லாம் பிறைகள். ஒன்றுகூட மூடவில்லை.

என் தவறு பயணச் சோம்பல் அல்ல. தவறான எண்ணைப் பார்த்ததுதான். வளையக் கிரகணத்தில் நிலா பூமிக்குத் தூரத்தில் இருப்பதால் சூரியனைவிடச் சிறிதாகத் தெரியும். 2010இல் வளையம் தெரிந்த பாதையின் நட்ட நடுக்கோட்டில் நின்றவருக்கும் மறைந்தது சூரியனின் 84% பரப்புத்தான். கொழும்பின் எண் அதைவிடச் சற்றுக் குறைவு. எண்களை அருகருகே வைத்தால் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் கண் பார்ப்பது பரப்பை அல்ல, வடிவத்தை. தோசைக்கல் மீது அதைவிடக் கொஞ்சம் சின்ன மூடியை வைத்துப் பாருங்கள். மூடி கல்லுக்குள் இருக்கும்வரை சுற்றிவர விளிம்பு தெரியும். ஒரு விரலளவு வெளியே தள்ளினால் மூடி மறைக்கும் இடம் சிறிதுதான் குறையும், ஆனால் வளையம் அறுந்துவிடும். கொழும்பில் நாங்கள் பார்த்தது அந்த அறுந்த வளையம்.

முழுக் கிரகணத்தில் இந்த ஏமாற்றம் இன்னும் கொடியது. சூரியன் முழுநிலவைவிடச் சுமார் நான்கு லட்சம் மடங்கு பிரகாசம். 99% மறைந்தாலும் மிஞ்சும் ஒரு சதவீதம் நாலாயிரம் முழுநிலாக்களுக்குச் சமம். அந்த ஒளியில் சூரியனைச் சுற்றியிருக்கும் வெண்ணிற ஒளிவட்டம் தெரியாது, நட்சத்திரம் தெரியாது. 2027 ஆகஸ்ட் 2 கிரகணம் எகிப்தின் லக்சோர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுமையாக இருக்கும், கொழும்பில் பகுதிக் கிரகணம்தான். இரண்டுக்கும் ஒரே தேதி என்பதால் ஒரே காட்சி என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

2019 டிசம்பர் 26 வந்தபோது நான் கணக்குப் பார்க்கவில்லை. கிறிஸ்மஸ் இரவே பஸ் ஏறினேன். மறுநாள் காலை ஒன்பதரை தாண்டியதும் அக்கா வீட்டு முற்றத்தில் அந்த வளையத்தைப் பார்த்தேன். மூன்று நிமிட அளவுதான் இருந்தது. 2010இன் பத்து நிமிடம் திரும்பக் கிடைக்காது, அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

பாதைக்குள் வந்துவிட்டோம் என்று ஓரத்தில் நிற்பது

"வடக்குக்கு வந்தாச்சு, போதும்" என்பார்கள். போதாது. பாதையின் விளிம்பில் வளையம் சில விநாடிகளே நிற்கும், நடுக்கோட்டில் நிமிடக்கணக்கில் நிற்கும். வரைபடத்தில் நடுக்கோட்டைப் பார்த்துவிட்டு, அதற்குக் கிட்ட யார் வீட்டு மாடி இருக்கிறது என்று தேடுங்கள்.

வேறு ஊர்க் காணொளியைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றுவது

2024 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவில் மக்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆரவாரம் செய்ததை எல்லோரும் போனில் பார்த்தோம். அது முழுக் கிரகணம், அதுவும் சூரியன் முழுதாக மறைந்திருந்த சில நிமிடங்களுக்கு மட்டும். வளையக் கிரகணத்தில் அப்படி ஒரு விநாடிகூட இல்லை. வளையம் என்பதே மறையாத சூரியன்தான். 2019இல் ஒரு பள்ளி மாணவன் வளையம் மூடியவுடன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான். நான் ஓடிப்போய் என் கையால் அவன் கண்ணை மறைத்தேன். அவன் தவறு இல்லை, அவனுக்கு யாரும் வித்தியாசம் சொல்லித்தரவில்லை. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்ட கண்ணாடி அல்லது 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை.

மஞ்சள் தண்ணீரில் பார்ப்பது

வேண்டாம். தண்ணீர் திருப்பி அனுப்பும் ஒளியும் கண்ணுக்கு அதிகம்.

காலைக் கிரகணத்துக்குக் கோல்பேஸ் போவது

சூரியன் கிழக்கில் இருக்கும், கடல் மேற்கில் இருக்கும். நடுவில் உயர்ந்த கட்டடங்கள்.

கொழும்பு மேகத்தை வைத்து யாழ்ப்பாணத்தைக் கணிப்பது

1955 ஜூன் 20 முழுக் கிரகணம் பொலன்னறுவைப் பக்கமாகப் போனது. அந்த நூற்றாண்டிலேயே மிக நீளமான முழுக் கிரகணம் அதுதான். கருவிகளோடு வெளிநாட்டிலிருந்து வந்த பலரை மேகம் ஏமாற்றியது. மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று கொழும்பில் மழையைக் கொண்டுவரும். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசினாலும் மழை அரிது. டிசம்பரில் இது தலைகீழ், வாடைக்காற்றின் மேகம் வடக்குக்கும் கிழக்குக்கும்தான். 2031க்கு வடக்கே போக இதுவும் ஒரு காரணம் என்று அந்தப் பையனிடம் சொன்னேன். "அப்ப அக்கா வீட்டுல எங்களுக்கும் இடம் இருக்குமா அங்கிள்?" என்றான். அன்றிரவே அக்காவுக்கு வட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். வேப்பமரத்தைத் தறிக்க வேண்டாம் என்றும் சேர்த்துத்தான்.