துணைக் கண்ணாடியில் படிந்த பனியை நீக்கிய விதம்

தை மாத இரவுகளில் கொடைக்கானல் வானம் மிகத் தெளிவாக இருக்கும். ஆயினும் நான் வீட்டிலேயே செய்த ஆறு அங்குல நியூட்டன் தொலைநோக்கியில் (வில்லைக்குப் பதில் குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிப்பது), ஒரு மணி நேரத்துக்குள் ஓரியன் நெபுலா என்ற விண்மேகம் மங்கிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தபோது, குவிந்த ஒளியைக் கண்வில்லைப் பக்கம் திருப்பிவிடச் சாய்வாக நிற்கும் சிறிய துணைக் கண்ணாடியில் மெல்லிய ஈரப்படலம் படிந்திருந்தது. திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்கும் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். அதைத் துணியால் துடைக்கவே கூடாது. அலுமினியப் பூச்சில் கீறல் விழும்.

முதலில் கறுப்பு அட்டையைச் சுருட்டிக் குழாயின் வாயில் நீட்டி மாட்டினேன்; பனி படிவது தாமதமானதே தவிர நிற்கவில்லை. பிறகு 330 ஓம் ரெசிஸ்டர்கள் நான்கைப் பக்க இணைப்பில் சேர்த்து, துணைக் கண்ணாடியின் முதுகில் சிலிகான் பசையால் ஒட்டி, 12 வோல்ட் பேட்டரியுடன் இணைத்தேன். கிடைப்பது ஏறத்தாழ 1.75 வாட் வெப்பமே என்றாலும், நள்ளிரவு தாண்டியும் கண்ணாடி உலர்ந்தே இருக்கிறது. இதற்கு மேல் சூடாக்கினால் குழாய்க்குள் காற்று அலைந்து, விண்மீன்களின் பிம்பம் துடிக்கும்.

மின்கம்பியை, குழாய்க்குள் துணைக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் தாங்கியின் ஒரு காலை ஒட்டியே கொண்டுவர வேண்டும். குறுக்கே தொங்கவிட்டால் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றித் தேவையற்ற கதிர்க்கோடுகள் தோன்றும்.