பழைய ஈயக் காப்ளின் (கற்பனைக் கதைகளில் வரும் குட்டி அரக்கன்) உருவம் ஒன்றை வாங்கி, கழுவி, வண்ணம் தீட்டுவது எப்படி?

1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனை மேசை விளையாட்டு வெளிவந்தபோது அதற்கென்றே வார்த்த உருவங்கள் கடைகளில் அநேகமாகக் கிடையாது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸும் கூட்டாளிகளும் மலிவுக் கடையில் பையோடு விற்ற பிளாஸ்டிக் டைனோசர்களையும் பெயர் தெரியாத மிருகங்களையும் மேசையில் நிறுத்தி ஆடினார்கள். அந்த விளையாட்டில் வரும் ஆந்தைக்கரடியும் இரும்பைத் தின்னும் துரு அரக்கனும் அந்தப் பையிலிருந்து வந்தவைதான். ஆனால் 1975-லேயே அமெரிக்காவின் சின்சினாட்டியில் ரல் பார்த்தாவும் பென்சில்வேனியாவில் கிரெனேடியரும் உலோக உருவங்களை வார்க்க ஆரம்பித்துவிட்டன. 1970-களின் முடிவில் இங்கிலாந்தின் நியூவார்க் ஊரில் பிரையன் ஆன்செலை முன்னிறுத்தி சிடடெல் மினியேச்சர்ஸ் தொடங்கியது. இந்தத் தொடக்க காலத்திலிருந்து 1990-களின் தொடக்கம் வரை வந்தவற்றைத்தான் சேகரிப்பவர்கள் 'விண்டேஜ்' என்கிறார்கள்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு உருவத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம்: 1980-களின் பிற்பகுதியில் சிடடெலுக்காக கெவ் ஆடம்ஸ் செதுக்கிய காப்ளின். காரணம் இருக்கிறது. ஆடம்ஸின் காப்ளின்கள் நிறைய விற்றவை. அதனால் இன்றும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. மூக்கும் தாடையும் பல்லும் மிகைப்படுத்திச் செதுக்கியவை என்பதால் முதன்முதலாகப் பிரஷ் பிடிப்பவருக்கும் முகம் தப்பாமல் வரும். பாதி வேலையைச் சிற்பியே முடித்து வைத்திருக்கிறார். நாம் அதைப் பெயின்டில் மூழ்கடிக்காமல் இருந்தால் போதும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

படி 1: வாங்குவது

ஈபேயில் ஒற்றை உருவமாக வாங்காதீர்கள். ஐந்து, பத்து என்று 'லாட்'டாக விற்பதைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு காப்ளினின் தபால் செலவு காப்ளினைவிட அதிகமாகிவிடும். லண்டனில் நடக்கும் சல்யூட், நியூவார்க்கில் நடக்கும் பார்ட்டிசன் போன்ற கண்காட்சிகளுக்குப் போகும் நண்பர் இருந்தால் சொல்லி வையுங்கள். அங்கே பழையதை விற்கும் மேசைகளில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

படத்தில் என்ன பார்ப்பது? முதலில் கால். 1980-களின் நடுவில் சிடடெல் 'ஸ்லாட்டாபேஸ்' முறைக்கு மாறியது: காலுக்கு அடியில் ஒரு உலோகத் தகடு, அதைச் செருக நடுவில் பிளவு உள்ள தனி பிளாஸ்டிக் தளம். அதற்கு முந்தையவற்றில் தளமும் உருவத்தோடு சேர்ந்தே வார்த்திருக்கும். இவற்றை 'ப்ரீ-ஸ்லாட்டா' என்பார்கள். ஸ்லாட்டா காலத்து உருவம் என்றால் தகட்டின் பக்கத்தைக் காட்டச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரும் ஆண்டும், பல நேரம் அந்தக் கதாபாத்திரத்தின் பெயருமே அதில் பொறித்திருக்கும். தகட்டை யாராவது வெட்டி எறிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வண்ணம் தீட்டத்தான் வாங்குகிறோம் என்றால் அது ஒரு குறையே இல்லை.

அடுத்து, போலி. ஏற்கெனவே வார்த்த உருவத்தை மாஸ்டராக வைத்துப் புது அச்சு எடுத்து வார்ப்பதை 'ரீகாஸ்ட்' என்கிறார்கள். அச்சிலிருந்து அச்சுக்குப் போகும்போது உருவம் துளி சுருங்கும். விரல்களும் சங்கிலி வளையங்களும் மழுங்கும். பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள கோடு தெளிவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உரிமையோடு மறுபடி வார்க்கப்படுபவை வேறு விஷயம். இத்தாலியின் மிர்லிட்டன் பழைய கிரெனேடியர் உருவங்களையும், சின்சினாட்டியின் அயர்ன் விண்ட் மெட்டல்ஸ் ரல் பார்த்தாவின் சிலவற்றையும் வார்த்து விற்றிருக்கின்றன. அவற்றை வாங்குவதில் தப்பே இல்லை. புத்தம் புது உலோகம் என்பதால் வேலையும் மிச்சம்.

என் கருத்தில் ஆரம்பநிலைக்காரருக்கு ஏற்ற சரக்கு, யாரோ ஒரு பள்ளிப் பையன் 1988-இல் கெட்டியாக எனாமல் பூசிக் கெடுத்ததுதான். சேகரிப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள், விலை குறையும். பெயின்டுக்கு அடியில் உருவம் பத்திரமாக இருக்கும். மாறாக, உறை பிரிக்காத பிளிஸ்டர் பேக் கிடைத்தால் அதைப் பிரிக்காதீர்கள். வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு அந்தக் காசில் பத்துக் காப்ளின் வாங்குங்கள். அக்காலத்தில் யாரோ நன்றாகத் தீட்டிய உருவம் கையில் கிடைத்தால் அதையும் கழுவாதீர்கள். அப்படியே வைக்க வேண்டிய பொருள் அது.

படி 2: ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை

இந்த உருவங்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம். ரல் பார்த்தா 1993-இலும், சிடடெல் 1990-களின் பிற்பகுதியிலும் ஈயமில்லாத கலவைக்கு மாறின. அதற்கு முந்தைய எதையும் ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடுவதால் ஆபத்து இல்லை. தூள் வாய்க்குள் போவதுதான் ஆபத்து. அரம் போடும்போது உருவத்தையும் அரத்தையும் ஈரமாக்கிக்கொள்ளுங்கள். தூள் பறக்காது. அடியில் செய்தித்தாள் விரித்து, முடிந்ததும் சுருட்டி எறியுங்கள். வேலை செய்யும் மேசையில் டீ கூடாது, முறுக்கு கூடாது. பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கத்தை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரம், பூட்டிய அலமாரி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

உருவம் கருஞ்சாம்பலாக மங்கியிருந்தால் கவலை வேண்டாம். அது உலோகத்தைக் காக்கும் மெல்லிய படலம். ஆனால் வெள்ளையாக, மாவுபோல் பூத்திருந்தால் அது 'லெட் ராட்'. மரத்திலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்து, கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்குகிறது. கையுறை மாட்டி, தண்ணீருக்குள் வைத்தே பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு உடனே ப்ரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். வினிகரில் ஊறவைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அரிப்பை உண்டாக்கிய அதே அமிலம்தான் வினிகரிலும் இருக்கிறது.

படி 3: பழைய பெயின்டை உரிப்பது

இரண்டு வழி. முதலாவது அசிட்டோன். வேகமானது, பழைய சூப்பர் க்ளூவையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆனால் பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பதால் தளத்தையும் பிளாஸ்டிக் கேடயத்தையும் முதலில் கழற்றி வையுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத இடத்தில், மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் மட்டும்.

இரண்டாவது, பிரிட்டன்காரர்கள் நெடுங்காலமாகச் செய்யும் வழி: டெட்டால். தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். எடுத்து, கையுறையோடு, டூத்பிரஷை டெட்டாலிலேயே தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். பெயின்ட் முழுக்கப் போகும்வரை தண்ணீர் காட்டவே கூடாது. அவசரப்பட்டுக் குழாயடியில் பிடித்தால் கரைந்த பெயின்டும் டெட்டாலும் சேர்ந்து பிசுபிசுவென்று பசையாகி மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் போன பிறகுதான் சோப்பும் வெந்நீரும். பல்லிடுக்கில், காதுக்குள் ஒட்டியிருப்பதைக் குண்டூசியால் அல்ல, பல்குத்தும் குச்சியால் எடுங்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், ஊசி கீறிவிடும்.

படி 4: கோடுகளை நீக்குவது

வட்டமான ரப்பர் அச்சின் இரு பாதிகளையும் அழுத்திச் சேர்த்து, சுழலவிட்டு, நடுவே உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுழலும் விசையில் உலோகம் விரல் நுனிவரை ஓடிப் பாயும். இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு விழும். காப்ளினுக்கு அது வழக்கமாகத் தோள், காது விளிம்பு, காலின் பக்கவாட்டில் ஓடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும். கத்தியின் கூர் பக்கத்தால் வெட்டாமல், அலகைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். பிறகு மெல்லிய அரம். முகத்தின் மேல் ஓடும் கோட்டில் மட்டும் கைவைக்கத் தயங்குங்கள். மூக்கைத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

தகட்டைத் தளத்தில் செருகி சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. அந்தக் காலத்து வழக்கப்படி காப்ளினுக்கு 20 மி.மீ. சதுரத் தளம்; காப்ளினைவிடப் பெரிய அரக்கனான ஓர்க் என்றால் 25. பிளவில் மிச்சமுள்ள இடைவெளியை எபாக்ஸி புட்டியால் அடையுங்கள். இந்தியாவில் என்றால் எம்-சீலே இந்த வேலைக்குப் போதும்.

படி 5: ப்ரைமர்

1980-களில் வெள்ளை அடித்தார்கள். கறுப்பு பின்னால் வந்த வழக்கம். பழைய உருவத்துக்கு வெள்ளையே என் தேர்வு. மேலே வரும் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று நிற்கும், அந்தக் காலத்துப் பட்டியல் புத்தகங்களின் படங்களில் பார்ப்பது அந்தப் பளிச்சுதான். ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, ஓரடி தூரத்திலிருந்து, நகர்த்திக்கொண்டே சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். சென்னை, கொழும்பு போன்ற புழுக்கமான ஊரில் மழை நாளில் அடித்தால் மேற்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட மாதங்களில் பிரஷால் பூசும் அக்ரிலிக் ப்ரைமர் நல்லது.

படி 6: வண்ணம்

மினியேச்சருக்கென்று வரும் அக்ரிலிக் வேண்டும்: சிடடெல், ஸ்பெயினின் வாயெஹோ, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர், ஏதாவது ஒன்று. துணியில் தீட்டும் அக்ரிலிக்கில் நிறத்துகள் தடிமன். தளத்துக்கு ஆகும், முகத்துக்கு ஆகாது. முதல் உருவத்துக்கு எட்டு நிறம் தாராளம்: கரும்பச்சை, நடுப்பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு, தந்த நிறம், கறுப்பு, வெள்ளி. கூடவே ஒரு பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் ஓடித் தேங்கும் நீர்த்த வண்ணம்.

பிரஷ் விஷயத்தில் எல்லோரும் ஒரே தவறான முடிவுக்குப் போவார்கள்: சின்ன உருவம், எனவே மிகச் சின்ன பிரஷ். மூன்று சைபர் பிரஷில் பெயின்ட் உருவத்தை அடைவதற்குள் காய்ந்துவிடும். நுனி கூர்மையான 1-ஆம் எண் பிரஷே கண் உட்பட எல்லாவற்றுக்கும் போதும். மயிரின் பாதிக்கு மேல் பெயின்ட் ஏறவிடாதீர்கள்.

பெயின்டை டப்பியிலிருந்து நேராக எடுக்காமல் பீங்கான் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரையுங்கள். ஒரே பூச்சில் மூடாது, திட்டுத்திட்டாகத் தெரியும். அதுதான் சரி. காயவிட்டு இரண்டாவது பூச்சு. கெட்டியாக ஒரு பூச்சு அடித்தால் ஆடம்ஸ் செதுக்கிய மருவும் சுருக்கமும் அடைந்துவிடும். 1988-இன் அந்தப் பள்ளிப் பையன் செய்ததும் இதைத்தான்.

உள்ளே இருப்பது முதலில், வெளியே இருப்பது பிறகு. அதாவது தோல், அப்புறம் துணி, அப்புறம் தோல்வார், கடைசியில் ஆயுதம்.

தோல் முழுக்கக் கரும்பச்சை, இரண்டு பூச்சு. காய்ந்ததும் நடுப்பச்சையை மேடான இடங்களில் மட்டும்: மூக்கு, கன்னம், தாடை, காதின் விளிம்பு, விரல் முட்டிகள். பள்ளங்களில் கரும்பச்சை அப்படியே நிற்கட்டும். அடுத்து நடுப்பச்சையில் மஞ்சள் கலந்து, முன்னைவிடச் சின்னப் பரப்பில். வெளுப்பாக்க வெள்ளையைக் கலக்காதீர்கள், காப்ளின் நோயாளிபோல் ஆகிவிடும். மூக்கு நுனியிலும் கீழ் உதட்டிலும் மிக நீர்த்த சிவப்பை ஒரு தொடு தொட்டால் திடீரென்று முகத்துக்கு உயிர் வரும். கண்ணுக்குக் கறுப்பு, அதன் மேல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி, பாப்பா தேவையில்லை. பல்லுக்குப் பழுப்பு, காய்ந்ததும் நுனியில் மட்டும் தந்த நிறம். முகத்துக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். இந்த உருவத்தில் மற்றதெல்லாம் துணைவேடம்.

துணிக்கு சிவப்பு அடித்து, மேலே பழுப்பு வாஷை ஓடவிடுங்கள். மடிப்புகளில் தானாகத் தேங்கும், குளமாக நிற்கும் இடத்தைக் காய்ந்த பிரஷால் உறிஞ்சிவிடுங்கள். கத்திக்கும் சங்கிலிக் கவசத்துக்கும் முதலில் கறுப்பு. பிறகு பழைய பிரஷில் வெள்ளியைத் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, லேசாகக் குறுக்கே தடவினால் மேடுகளில் மட்டும் ஒட்டும். இதுதான் டிரை பிரஷிங். சங்கிலி வளையங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. முகத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

படி 7: தளமும் வார்னிஷும்

ஃபெவிக்கால் தடவி, சலித்த மணலில் அமுக்கி, காய்ந்ததும் தளத்தின் விளிம்பு உட்பட முழுக்கப் பளிச்சென்ற பச்சை. மேலே மஞ்சளில் ஒரு டிரை பிரஷ். இன்றைக்குக் காய்ந்த சேறு, செத்த இலை என்று யதார்த்தமாகச் செய்கிறார்கள். பழைய காப்ளினுக்கு அந்தப் பச்சை விளிம்புதான் பொருத்தம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

விளையாட்டில் கையாளப் போகிறீர்கள் என்றால் முதலில் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், அது காய்ந்தபின் பளபளப்பில்லாத மேட். காட்சிக்கு மட்டும் என்றால் மேட் போதும். ஈரக்காற்றில் மேட் ஸ்ப்ரே வெள்ளையாகப் பூக்கும். வெயில் அடிக்கும் உலர்ந்த நாளுக்குக் காத்திருங்கள்.

வைக்க வேண்டிய இடம் கண்ணாடித் தட்டோ இரும்பு அலமாரியோ. மர பீரோ வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். லாட்டில் மிச்சமிருக்கும் காப்ளின்களைக் கழுவிக் காயவைத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை நான்கைந்தை வரிசையாக நிறுத்தி, ஒரே நிறத்தை எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டே போகலாம். கடைசிக் காப்ளினுக்குப் பூசி முடிப்பதற்குள் முதலாவது காய்ந்திருக்கும்.