ராடார் எதிரொலியிலிருந்து சிறுகோளின் வடிவம்: பென்னுவை வைத்து ஒரு தொடக்கப் பயிற்சி

பென்னு என்று இன்று நாம் அழைக்கும் சிறுகோள் 1999 செப்டம்பர் 11 அன்று கண்டுபிடிக்கப்பட்டு, அதே மாதத்திலேயே பூமியிலிருந்து சுமார் 22 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை, தரையிலிருந்து நோக்கிய தொலைநோக்கிகளுக்கு ஓர் ஒளிப்புள்ளியாகவே இருந்தது. ஆனால் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ராடாரும் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ராடாரும் அதன்மீது அலைகளை அனுப்பி, 1999இலும் 2005இலும் திரட்டிய எதிரொலிகளைக் கொண்டு, ஆய்வாளர்கள் அது பம்பரம் போன்ற வடிவம் உடையது என்பதை விண்கலம் எதுவும் அருகில் செல்வதற்கு முன்பே கண்டறிந்தனர். அந்தக் கணிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். ஒரு கால்குலேட்டர், ஓர் எலுமிச்சம்பழம், ஒரு பேனா ஆகியவையும் பள்ளி இயற்பியலும் போதும்.

படி 1: படம் எதைக் காட்டுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ராடார் படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் செய்யும் பிழை, அதைப் புகைப்படமாக எடுத்துக்கொள்வதாகும். புகைப்படத்தின் இரு அச்சுகளும் வானத்தில் இடம்–வலம், மேல்–கீழ் என்னும் திசைகளைக் குறிக்கின்றன. ராடார் படத்தில் செங்குத்து அச்சு தொலைவைக் குறிக்கிறது. கிடை அச்சு, அந்தப் பகுதி நம்மை நோக்கி வரும் அல்லது நம்மைவிட்டு விலகும் வேகத்தைக் குறிக்கிறது. எதிரொலி திரும்ப எடுத்துக்கொள்ளும் காலத் தாமதத்திலிருந்து தொலைவும், அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் டாப்ளர் மாற்றத்திலிருந்து வேகமும் கிடைப்பதால் இதற்குத் தாமத–டாப்ளர் படம் என்று பெயர். வழக்கமாக, நமக்கு மிக அருகிலுள்ள பகுதி படத்தின் மேல் விளிம்பில் அமையும். மேலிருந்து விளக்கொளி விழுவதுபோல் படம் தோன்றுவதற்கு இதுவே காரணம். உண்மையில் அந்த விளக்கு நாமே.

படி 2: தாமதத்தை மீட்டராக மாற்றுங்கள்

அனுப்பும் அலையின் கட்டத்தை (முகடும் அகடும் மாறிவரும் நிலையை) முன்கூட்டியே தீர்மானித்த ஒரு வரிசையில் மிக விரைவாகப் புரட்டிக்கொண்டே இருந்தால், திரும்பி வரும் எதிரொலியில் எந்தத் துண்டு எப்போது புறப்பட்டது என்பதைப் பிரித்தறியலாம். ஒரு துண்டின் நீளம் 0.1 மைக்ரோநொடி என்றால், அந்த நேரத்தில் ஒளி 30 மீட்டர் செல்லும். அலை போய்த் திரும்புவதால் இதில் பாதியை, அதாவது 15 மீட்டரை, படத்தின் ஒரு வரிசையின் தடிமனாகக் கொள்ள வேண்டும்.

இனி படத்தில் எதிரொலி மேலிருந்து கீழாக எத்தனை வரிசைகளுக்கு நீள்கிறது என்று எண்ணுங்கள். 17 வரிசைகள் என்று வைத்துக்கொண்டால் ஆழம் 255 மீட்டர். ராடார் நமக்கு எதிரேயுள்ள பாதியை மட்டுமே காண்பதால், உருண்டையான பொருளில் இந்த ஆழம் விட்டத்தை அன்றி ஆரத்தையே தருகிறது. ஓரங்களுக்குச் செல்லச் செல்ல எதிரொலி மங்கி இரைச்சலில் மறைந்துவிடுகிறது என்பதால், ஆழத்தை இரட்டிப்பாக்கிக் கிடைக்கும் எண்ணைப் பெரும்பாலும் விட்டத்தின் கீழ்வரம்பாகக் கொள்வதே பாதுகாப்பானது.

படி 3: பட்டை அகலத்திலிருந்து குறுக்களவைக் கணக்கிடுங்கள்

சுழலும் சிறுகோளின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகுகிறது. இவ்விரு விளிம்புகளின் அதிர்வெண்களுக்கு இடையேயுள்ள வேறுபாடே பட்டை அகலம். விட்டத்தை 4π ஆல் பெருக்கி, அலைநீளம், சுழற்சிக் காலம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனால் வகுத்தால் பட்டை அகலம் கிடைக்கும். சுழல் அச்சு நம் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இல்லையெனில், பார்வை எந்த அட்சரேகையில் விழுகிறதோ அக்கோணத்தின் கொசைனாலும் பெருக்க வேண்டும்.

பென்னுவின் சுழற்சிக் காலம் 4.297 மணி, அதாவது ஏறத்தாழ 15,469 நொடி. அரெசிபோ பயன்படுத்திய அலையின் நீளம் 12.6 செ.மீ. நடுக்கோட்டு விட்டத்தை 565 மீட்டர் என்று கொண்டால் பட்டை அகலம் 3.6 ஹெர்ட்ஸ் மட்டுமே. 238 கோடி ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் புறப்பட்ட அலையில் நான்கு ஹெர்ட்ஸுக்கும் குறைவான விரிவைத் தேடுகிறோம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்! அதே சிறுகோளைக் கோல்ட்ஸ்டோனின் 3.5 செ.மீ. அலையால் பார்த்தால் பட்டை அகலம் 13 ஹெர்ட்ஸாக விரியும்.

இந்தச் சூத்திரத்தில் சுழற்சிக் காலத்தை எங்கிருந்து பெறுவது? பெரும்பாலும் ஒளியியல் தொலைநோக்கிகளில் பதிவான ஒளி மாற்ற வளைகோட்டிலிருந்துதான் (சிறுகோளின் பொலிவு நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம்). ராடார் ஆய்வாளர்கள் தனித்து இயங்குவதில்லை.

படி 4: எலுமிச்சம்பழத்தை எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். பயிற்சியின் உயிர்நாடி இதுவே. பழத்தின் காம்பு மேலே இருக்கும்படி பிடித்து, அந்தக் காம்பையே வடதுருவமாகக் கொள்ளுங்கள். நடுக்கோட்டுக்கு மேலே ஒரு புள்ளியும், அதற்கு நேர் கீழே அதே அளவு தள்ளி மற்றொரு புள்ளியும் வையுங்கள். கண்களைப் பழத்தின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு பழத்தைச் சுழற்றுங்கள். இரு புள்ளிகளும் உங்களிடமிருந்து எப்போதும் ஒரே தொலைவில் உள்ளன. ஒரே வேகத்தில் நெருங்குகின்றன, விலகுகின்றன. ஆகவே ராடார் படத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இதுவே வடக்கு–தெற்குக் குழப்பம்.

இப்போது காம்பை உங்களை நோக்கிச் சற்றே சாய்த்துச் சுழற்றுங்கள். மேல்புள்ளியின் தொலைவு மாறும் விதமும் கீழ்ப்புள்ளியின் தொலைவு மாறும் விதமும் வேறுபடத் தொடங்குவதைக் காண்பீர்கள். ஒரு தனிப்படத்தில் அவை இன்னும் பிற புள்ளிகளோடு கலந்தே கிடக்கும். ஆனால் சுழற்சி முழுவதும் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிப் பாதையில் நகரும். வடிவத்தை மீட்டெடுக்கப் பல படங்களும், முடிந்தால் பல நாட்களின் வெவ்வேறு பார்வைக் கோணங்களும் தேவைப்படுவது இதனால்தான்.

படி 5: முன்னூகித்து, ஒப்பிட்டு, திருத்துங்கள்

படத்தைத் தலைகீழாகக் கணக்கிட்டு வடிவத்தை நேரடியாகப் பெற இயலாது. எதிர்த்திசையில் செல்வதே வழி. முதலில் ஒரு வடிவத்தைக் கற்பனை செய்து, அது எந்த ராடார் படத்தைத் தரும் என்று கணித்து, உண்மைப் படத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும்வரை வடிவத்தைத் திருத்துகிறார்கள். ஸ்காட் ஹட்சன் உருவாக்கிய மென்பொருள் இவ்வழியில் இயங்குகிறது. 1989இல் கஸ்டாலியா என்னும் சிறுகோளை ஸ்டீவன் ஆஸ்ட்ரோ குழுவினர் அரெசிபோவில் படமெடுத்தபோது, அது இரு உருண்டைகள் ஒட்டியது போன்றது என்று தெரியவந்தது; அதன் முப்பரிமாண மாதிரியை ஹட்சனும் ஆஸ்ட்ரோவும் 1994இல் வெளியிட்டார்கள்.

தொடக்கத்தில் மூன்று அச்சுகள் மட்டுமே கொண்ட நீள்கோளம் போதும். அது ஓரளவு பொருந்தி, சுழல் அச்சின் திசையும் தெளிவான பிறகே, மேடுபள்ளங்களை அனுமதிக்கும் முக்கோணத் தகடுகளாலான மாதிரிக்குச் செல்ல வேண்டும். பென்னுவின் மாதிரியில் 1,148 முனைகளும் 2,292 முக்கோணங்களும் உள்ளன. இத்தனை முனைகளையும் தன்போக்கில் நகரவிட்டால், மென்பொருள் இரைச்சலைக்கூடக் குன்றுகளாக மாற்றிவிடும். அதைத் தடுக்க, மேற்பரப்பு தேவையின்றிக் கரடுமுரடானாலோ, நிறைமையம் சுழல் அச்சிலிருந்து விலகினாலோ தண்டப்புள்ளிகள் விதிக்கப்படுகின்றன. எவ்வளவு தண்டம் விதிப்பது என்பதில் கணிதத்தைவிட ஆய்வாளரின் அனுபவமே பெரிதும் பேசுகிறது என்பது என் கருத்து.

தொடக்கநிலையாளர் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். பென்னுவின் ராடார் மாதிரி நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கோப்பு முனைகளின் ஆயங்களையும், எந்த மூன்று முனைகள் ஒரு முக்கோணம் என்பதையும் எண்களாகத் தருகிறது. ஒவ்வொரு முக்கோணத்தின் மையத்துக்கும் தொலைவையும் வேகத்தையும் கணக்கிட்டு, நம் பக்கம் திரும்பியவற்றை மட்டும் எடுத்து, பரப்பையும் சாய்வையும் பொறுத்து உரிய கட்டத்தில் பொலிவைக் கூட்டிக்கொண்டே போனால் உங்கள் முதல் தாமத–டாப்ளர் படம் தயார். பிறகு மாதிரியைப் பத்துப் பத்து பாகையாகச் சுழற்றி மீண்டும் வரையுங்கள்.

உண்மைப் படத்தோடு அதை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. உண்மைப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். அவற்றைப் பள்ளங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பல படங்களைச் சராசரி எடுக்கும்போது அவை மங்கும். அடுத்தடுத்த படங்களில் சுழற்சிக்கு ஏற்ப நகர்ந்துசெல்லும் பொலிவை மட்டுமே மேற்பரப்பின் கூறாக நம்பலாம்.

படி 6: விடையின் பிழை எல்லையைப் படியுங்கள்

2013இல் மைக்கேல் நோலன் குழுவினர் வெளியிட்ட மாதிரியில், பென்னுவின் நடுக்கோட்டு அளவுகள் 565 மீட்டர், 535 மீட்டர் என்றும், இரண்டுக்கும் பிழை எல்லை 10 மீட்டர் என்றும் உள்ளன. துருவத்திலிருந்து துருவம் வரை 508 மீட்டர். ஆனால் அதன் பிழை எல்லை 52 மீட்டர். ஒரே சிறுகோள், ஒரே தரவு, ஆனால் ஒரு திசையில் மட்டும் ஐயம் ஐந்து மடங்கு. எலுமிச்சம்பழம் கையில் இருந்தால் காரணம் விளங்கும்: ராடார் பார்வை பெரும்பாலும் நடுக்கோட்டை ஒட்டியே அமைந்ததால், அகலத்தைப் பட்டை அகலம் தெளிவாகச் சொன்னது, உயரத்தைச் சொல்ல எந்த அச்சும் இல்லை.

2018 டிசம்பரில் நாசாவின் ஓசைரிஸ்–ரெக்ஸ் விண்கலம் பென்னுவை அடைந்து அளந்தபோது சராசரி விட்டம் சுமார் 490 மீட்டர் என்று கிடைத்தது. ராடார் மாதிரி சொன்னது 492 மீட்டர். பம்பர வடிவமும் அப்படியே இருந்தது. மேற்பரப்பு மட்டும் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. ராடார் படங்களில் 10 முதல் 20 மீட்டர் அளவுள்ள ஒரே ஒரு பாறைதான் தெளிவாக அடையாளம் காணப்பட்டிருந்தது. விண்கலமோ 10 மீட்டருக்கு மேற்பட்ட பாறைகளை மட்டுமே இருநூற்றுக்கும் அதிகமாகக் கண்டது.