ஹைபிரிட் சொகுசு எஸ்யூவி: புக்கிங் தொகை கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி (சுவரில் சார்ஜ் போட்டு மின்சாரத்தில் ஓட்டலாம், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும்) வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஷோரூம் இல்லை, தன் வீட்டு கார் பார்க்கிங். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, தினமும் அதில் சார்ஜ் போட முடியுமா? முடியாது என்றால் பிளக்-இன் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். ஸ்ட்ராங் ஹைபிரிட்டோ (பிளக் இல்லாமல் ஓடும்போதே தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும் வண்டி) சாதாரண பெட்ரோல் வண்டியோ போதும். இதை யோசிக்காமல் வாங்குவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளைப் பிறகு எப்படியாவது சமாளித்துவிடலாம், இதைச் சமாளிக்க முடியாது.

காரணம் எளிது. பிளக்-இன் வண்டியில் முழு இன்ஜினும் இருக்கிறது, அதற்கு மேல் பெரிய பேட்டரி, மோட்டார், சார்ஜர் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பிஎம்டபிள்யூ எக்ஸ்எம்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 4.4 லிட்டர் வி8 இன்ஜின், 25 யூனிட்டுக்குச் சற்று அதிகமாக மின்சாரம் பிடிக்கும் பேட்டரி, எடை 2,700 கிலோவுக்கு மேல். சார்ஜ் இருக்கும்வரை சத்தமே இல்லாமல் ஓடும். தீர்ந்துவிட்டால் அத்தனை எடையையும் பெட்ரோல்தான் இழுக்க வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-இல் பதிவான கார்களுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் பதிவுக் கருவிகளிலிருந்து எடுத்த தரவு அது. பிளக்-இன் கார்கள் சாலையில் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு, சான்றிதழில் இருந்ததைப் போல சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போடவில்லை, மின்சாரத்தில் ஓட்டவில்லை என்பதே முக்கியக் காரணம். அதனால் கையேட்டில் லிட்டருக்கு 40, 50 கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தால் அதை மைலேஜ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியை நிரப்பிக்கொண்டு கிளம்பி, பயணத்தின் பெரும்பகுதி மின்சாரத்திலேயே ஓடினால் வரும் எண் அது. பேட்டரி காலியானபின் லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்று தனியாகக் கேளுங்கள். விற்பனையாளரிடம் பதில் இல்லாவிட்டால், சார்ஜ் தீர்ந்த வண்டியிலேயே டெஸ்ட் டிரைவ் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவு பிளக்-இன் எஸ்யூவி ஒன்று, இழப்பெல்லாம் சேர்த்து சுவரிலிருந்து 20 யூனிட் வாங்கி, ஏசி போட்டு 55 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 10 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்க்கும் குறைவு. அதே வண்டி சார்ஜ் இல்லாமல் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் 100 ரூபாய் விலையில் கிலோமீட்டருக்கு 11 ரூபாய். 15 கிலோமீட்டர் தரும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 7 ரூபாய்க்குள். அதாவது, சார்ஜ் போடாதவர் கையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டைவிட அதிகம் செலவு வைப்பது பிளக்-இன்தான். சரி, ஒழுங்காகச் சார்ஜ் போடுகிறவருக்காவது பணம் மிச்சமாகுமா? பெட்ரோல் மாடலுக்கும் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் என்றே வைத்தால், வருடம் 12,000 கிலோமீட்டரும் மின்சாரத்திலேயே ஓட்டினால்கூட கிலோமீட்டருக்கு சுமார் 7 ரூபாய் வீதம் மிச்சம் 84,000 ரூபாய். பெட்ரோல் மாடலைவிட 10 லட்சம் அதிகம் கொடுத்திருந்தால் அதை மீட்கக் கிட்டத்தட்ட 12 ஆண்டு ஆகும். அமைதியான ஓட்டத்துக்காக, ஊருக்குள் புகை குறைவதற்காக வாங்குங்கள், அது நியாயம். பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க சொகுசு வண்டி வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

சார்ஜ் வசதி என்றால் சுவரில் ஒரு சாக்கெட் மட்டும் இல்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டில் எக்ஸ்எம் மாதிரிப் பெரிய பேட்டரி நிரம்ப இரவு முழுக்க ஆகும். 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர் வைத்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆனால் அதற்கு 32 ஆம்பியர் லைன் தனியாக இழுக்க வேண்டும். உங்கள் ஈபி இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு அதைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் சரியாக இல்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பழைய வீடுகளில் இது சாதாரணமாக வரும் பிரச்சினை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மணிக்கணக்காகச் சார்ஜ் போடவே கூடாது, ஒயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் வண்டியை புக் செய்யுங்கள். "போட்டுக்கலாம் சார், பிரச்சினை இல்ல" என்ற வாய் வார்த்தை அடுத்த செயலாளர் வந்ததும் மாறிவிடும்.

நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜர்களை நம்பியும் பிளக்-இன் வாங்க வேண்டாம். அவை டிசி (நேர்மின்சாரம்) சார்ஜர்கள், பெரும்பாலான பிளக்-இன் வண்டிகளால் அவற்றில் இணையவே முடியாது. ரேஞ்ச் ரோவரின் பிளக்-இன் மாடல் 50 கிலோவாட் வரை டிசி எடுக்கும், அப்படிப்பட்டவை சிலவே.

அடுத்த குழப்பம் மைல்டு ஹைபிரிட். வண்டியின் பின்னால் ஹைபிரிட் என்று எழுதியிருந்தாலே பேட்டரியில் ஓடும் என்று நினைக்கிறார்கள். ஆடி க்யூ7, மெர்சிடிஸ் ஜிஎல்இ, வால்வோ எக்ஸ்சி90-இன் பெட்ரோல் மாடல் போன்றவற்றில் இருக்கும் 48 வோல்ட் அமைப்பு, இன்ஜினைச் சட்டென்று ஸ்டார்ட் செய்யவும் முடுக்கத்தின்போது சிறிது தள்ளிவிடவும் மட்டும்தான். டிராஃபிக்கில் அது வண்டியைத் தனியாக நகர்த்தாது. அது நல்ல தொழில்நுட்பம்தான், ஆனால் அதற்காக ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் மைலேஜை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மோட்டாரை மட்டும் வைத்து வண்டி நகருமா என்று கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

லெக்ஸஸ் என்எக்ஸ் 350எச் மாதிரி ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பிளக்கே வேண்டாம். அண்ணா சாலை, ஓஎம்ஆர் மாதிரி நின்று நின்று நகரும் சாலைகளில்தான் அதன் அருமை தெரியும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறது, சிக்னலில் இன்ஜின் அணைந்தாலும் ஏசி ஓடுகிறது. வாரம் முழுக்க திருச்சி நெடுஞ்சாலையில் 100-இல் போகிறவருக்கு அந்த லாபம் நிறையவே குறையும். இன்னொன்று: அதில் இருக்கும் இ-சிவிடி என்ற படிப்படியான கியர் இல்லாத கியர்பாக்ஸ், மலை ஏறும்போது இன்ஜினை உயர்ந்த வேகத்தில் பிடித்து வைத்து இரைச்சல் போடும். சிலருக்கு அது பெரிதாகத் தெரியாது, சிலரால் பொறுக்கவே முடியாது. ஊட்டி, கொடைக்கானல் அடிக்கடி போகிறவர் என்றால், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லெக்ஸஸின் இன்னொரு ஹைபிரிட்டான ஆர்எக்ஸ் 500எச்-இல் டர்போ இன்ஜினும் 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் இருப்பதால் உணர்வு வேறு மாதிரி.

டிக்கியைத் திறந்து பார்க்காமல் வாங்குவதும் நடக்கிறது. பேட்டரி எங்காவது உட்கார வேண்டுமே. பெட்ரோல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5-இல் 650 லிட்டர் டிக்கி, பிளக்-இன் எக்ஸ்5-இல் 500 லிட்டர். ரேஞ்ச் ரோவரில் பிளக்-இன் எடுத்தால் 7 சீட் கிடையாது. வால்வோ எக்ஸ்சி90-இன் பிளக்-இன் மாடலான டி8 பேட்டரியை நடுவில் வைத்து மூன்றாவது வரிசையைக் காப்பாற்றியிருக்கிறது. ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் கிட்தானா என்பதையும் பாருங்கள். இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் டயரின் பக்கவாட்டு கிழிந்தால் கிட் உதவாது.

வரி விஷயத்தில் பழைய தகவலை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. முன்பு பெரிய எஸ்யூவிக்கு செஸ் சேர்த்து 50 சதவீதம், ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம் என்று ஒரு சலுகை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40 சதவீத ஜிஎஸ்டி, அந்த இடைவெளி போய்விட்டது. முழு மின்சார வண்டிக்கு 5 சதவீதமே. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். மின்சார வண்டிகளுக்கான விலக்கு ஹைபிரிட்டுக்குக் கிடையாது. வீட்டில் சார்ஜர் வைக்க இடம் இருக்கிறவர், பிளக்-இன் வண்டியின் ஆன்-ரோடு விலைக்குப் பக்கத்தில் ஒரு மின்சார எஸ்யூவியின் ஆன்-ரோடு விலையையும் எழுதிப் பார்க்க வேண்டும். வித்தியாசம் லட்சங்களில் இருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் கார்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இன்சூரன்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் மட்டும் எடுத்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா, தனி ஆட்-ஆன் வேண்டுமா என்று பாலிசி வாசகத்திலேயே பாருங்கள். ரீகால் அறிவிப்பையும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2025 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 3,20,000 ஜீப் பிளக்-இன் வண்டிகள் பேட்டரி தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சரிசெய்யும்வரை வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, சார்ஜ் போடாமல் இருக்கச் சொன்னார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர் பேட்டரி வாரன்ட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார். 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாக இருக்கும் வரம்பு. அது இரண்டாம் உரிமையாளருக்கும் மாறுமா, வெளியில் சர்வீஸ் செய்திருந்தால் ரத்தாகுமா என்பதையும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள். பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை எடுத்துத் தரச் சொல்லுங்கள். டொயோட்டா, லெக்ஸஸ் ஹைபிரிட் என்றால் பின் சீட்டை ஒட்டி பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால் அந்த பேட்டரி நம் ஊர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது என்று பொருள், விலையைக் குறைத்துப் பேசுவதைவிட வேறு வண்டி பார்ப்பது நல்லது.